“சோமு கதையைப் படிச்சு அழுதுட்டேன் மேடம்”: 64,900 ரூபாய் போன வழி

இறந்துபோன நாயைப் பற்றியோ பூனையைப் பற்றியோ ஒருவர் முகநூலில் நாலு பத்தி எழுதி, அதற்கு நூறு இதயக்குறி விழுந்துவிட்டால், கொஞ்ச நாளில் ஒரு போன் வரும். “உங்க சோமு கதையைப் படிச்சு அழுதுட்டேன் மேடம். இதைப் புத்தகமா போடாம விடக் கூடாது.” பேசுபவர் பதிப்பாசிரியர் அல்ல, கமிஷனுக்கு வேலை பார்க்கும் விற்பனையாளர். பதிவை மேலோட்டமாகப் புரட்டி நாயின் பெயரை மட்டும் குறித்து வைத்திருப்பார்.

மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. கணவர் போன பிறகு தன்னை நடமாட வைத்த கறுப்பு நாட்டு நாயைப் பற்றி 160 பக்கம் எழுதியிருந்தார். காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போடும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம், இதே கடை பத்து போர்டில் நடக்கிறது) 55,000 ரூபாய் பேக்கேஜும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 64,900 ரூபாய் வாங்கியது. எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), 25 பிரதிகள், அமேசான் பட்டியல், ஒரு விருது, “100 சதவீத ராயல்டி” (விற்பனையில் ஆசிரியருக்கு வரும் பங்கு) எல்லாம் அதில் அடக்கமாம்.

அந்த 100 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தில் ராயல்டி என்பது “நிகர வரவில்” என்று இருக்கிறது. விலை 250. ஆன்லைன் விற்பனைக் கழிவு என்று 125 போய்விடும். அச்சுச் செலவு 105. மிச்சம் 20 ரூபாய். அதில்தான் நூறு சதவீதம். ஒரு பைசா வாங்காத சாதாரணத் தமிழ்ப் பதிப்பகம் விலையில் 10 சதவீதம் தந்தாலே 25 ரூபாய் வரும். பேக்கேஜுக்குக் கட்டிய பணம் திரும்பிவர 3,245 பிரதி விற்க வேண்டும். முதல் நூல் எழுதுகிறவருக்கு அது நடக்கிற காரியமா?

இன்னொன்று. அதே ஒப்பந்தத்தில் ஆசிரியர் கூடுதல் பிரதி கேட்டால் 180 ரூபாய். ராயல்டி கணக்கில் 105 ஆக இருந்த அச்சுச் செலவு, ஆசிரியர் வாங்கும்போது எப்படி 180 ஆயிற்று? இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பதில் வராது; வராததே பதில்.

ஐஎஸ்பிஎன்னுக்கு ரசீதில் தனியாக ஒரு தொகை காட்டிப் பணம் வாங்குகிறார்கள். இந்தியாவில் அதைத் தருவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் கிடையாது, தனிநபராக ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் எண்ணில் வெளியிட்டால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். நாளைக்கு வேறிடத்தில் போடும்போது புது எண் வாங்க வேண்டும். கிண்டிலில் மின்னூல் ஏற்றவும் கட்டணம் இல்லை, தமிழிலேயே ஏற்றலாம்.

இனி புத்தகத்துக்கு வருவோம். யூனிகோடில் (இன்று போனும் கணினியும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்து முறை) தட்டிய கோப்பை, அதற்கு முந்தைய பழைய எழுத்துருவுக்கு மாற்றி லேஅவுட் (பக்க வடிவமைப்பு) செய்திருக்கிறார்கள். மாற்றும்போது முதலில் உடைவது கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள். “சோ”வின் துணைக்கால் பல இடங்களில் காணாமல் போய், சோமு “சேமு” ஆகிவிட்டான். சில பக்கங்களில் துணைக்கால் மட்டும் தனியாக அடுத்த வரியின் தொடக்கத்தில் நிற்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வரும் பெயரையே பார்க்காதவர்கள் எடிட்டிங் செய்ததாகப் பில் போட்டிருக்கிறார்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடையே வைத்துக்கொண்டு, பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால் இந்த மாற்றமே தேவையில்லை. பழைய எழுத்துருவில்தான் செய்வோம் என்று அடம்பிடித்தால் கொ, கோ, கௌ வரிசைகளையும் ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றையும் அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் கண்ணால் தேடிப் பார்க்க வேண்டும்.

படங்கள் இன்னும் மோசம். செல்லப்பிராணி நூலை வாங்குகிறவர் முதலில் புரட்டுவது படத்தைத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் அசல் போகும். அச்சில் நாலு அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் படம் 1,200 பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும். இங்கே நாய் வேறு கறுப்பு. நேச்சுரல் ஷேட் என்னும் லேசான மஞ்சள் தாளில் மை பரவும், இருண்ட பகுதிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். கண்ணும் மூக்கும் தெரியாமல், காது மட்டும் வெளியே நீட்டிய ஒரு கரும்பட்டை அச்சாகியிருக்கிறது. நிழல் பகுதியை முன்கூட்டியே வெளுப்பாக்கி, ஒரு பக்கத்தை அதே தாளில் அச்சடித்துப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம். இல்லையென்றால் படங்களை மட்டும் 130 ஜிஎஸ்எம் கனமுள்ள வழவழப்பான ஆர்ட் தாளில் எட்டுப் பக்கமாக நடுவே சேர்க்கலாம்.

“திருத்தித் தாருங்கள்” என்றதற்கு வந்த பதில்: “பிரிண்ட் அப்ரூவல் கொடுத்துட்டீங்களே மேடம்.” அப்ரூவல் என்பது போனில் வந்த ஒரு லிங்கில் “ஓகே” அழுத்தியது. லேஅவுட் கோப்பையாவது கொடுங்கள் என்றால் 15,000 ரூபாய். இழந்த பணத்தைவிட இதுதான் பெரிய அடி. ஆகவே திறக்கக்கூடிய லேஅவுட் கோப்பு, அச்சு பிடிஎஃப், அட்டைக் கோப்பு மூன்றும் ஆசிரியருக்கு உரியவை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே எழுந்துவிடலாம். அதோடு, தாளில் அச்சடித்த ஒரு மாதிரிப் பிரதியைப் பார்க்காமல் “ஓகே” சொல்லாதீர்கள்.

உரிமை விஷயத்தில் சட்டம் ஓரளவு நம் பக்கம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் இந்தக் கூட்டம் “முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்” என்று மறக்காமல் போடுகிறது. அடித்து, “மூன்று ஆண்டு, அச்சு நூல் மட்டும்” என்று எழுதுங்கள்.

“நம்பர் ஒன் பெஸ்ட்செல்லர்” ஸ்கிரீன்ஷாட்டுக்கு மயங்க வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத ஒரு சின்னப் பிரிவில் நூலைப் போட்டு, ஒரே நேரத்தில் சில பிரதிகள் வாங்கினால் அந்த மணிநேரத்துக்கு முதலிடம் கிடைத்துவிடும். நூலக ஆணை (அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் உத்தரவு) வாங்கித் தருகிறோம் என்பதும் இதே ரகம். அதற்கு உத்தரவாதம் தர எந்த இடைத்தரகராலும் முடியாது.

ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு அடுத்த கட்ட ஏமாற்று, அமெரிக்காவிலிருந்து பேசுவதாகச் சொல்லி வரும். பெரிய பதிப்பகம் அல்லது ஓடிடி தளம் உங்கள் நூலைப் படமாக்க விரும்புகிறது, அதற்குமுன் திரைக்கதைச் சுருக்கம், டிரெய்லர், வரி என்று டாலரில் கேட்பார்கள். இது கற்பனை அல்ல. சான் டியேகோவில் அமெரிக்க அரசு தொடுத்து, 2025 ஜனவரியில் வெளியே வந்த வழக்கில், இந்த முறையில் 800-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம் 4.4 கோடி டாலருக்கு மேல் பறிக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு. ஏமாந்தவர்களில் முதியவர்கள் நிறைய. இப்போது போனுக்குப் பதில் மின்னஞ்சல். நாயின் பெயர், மூன்றாம் அத்தியாயத்துச் சம்பவம் எல்லாம் சொல்லி உருகி உருகி எழுதியிருக்கும், ஏஐ எழுதியது. அனுப்பிய முகவரி வெறும் ஜிமெயில். உரிமை வாங்குகிறவர்தான் ஆசிரியருக்குப் பணம் தருவார். அவரே பணம் கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: ஆள்மாறாட்டம் என்றால் உடனே 1930 (சைபர் மோசடிப் புகார் எண்), கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கியில் டிஸ்பியூட் (அந்தக் கட்டணத்தை மறுத்துப் புகார்) போடுங்கள். உள்ளூர் நிறுவனத்தின் சேவைக் குறைபாடு என்றால் முதலில் 1915 (தேசிய நுகர்வோர் உதவி எண்), பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், காலக்கெடு இரண்டு ஆண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்கு வழக்குக் கட்டணம் இல்லை. “இது வணிக நோக்கம், இவர் நுகர்வோர் அல்ல” என்று எதிர்த்தரப்பு வாதிடப் பார்க்கும். அதற்காகவே பேக்கேஜ் விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பிழைகளைச் சிவப்பில் குறித்த அச்சுப் பிரதி ஒன்று எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் எடுக்காமல் முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பழைய போனையும் விற்றுவிடாதீர்கள்.