சின்க்திங் ரிலே: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

"ரிலேயை வைத்துக்கொள்ளலாமா, அணைத்துவிடவா?" என்று நண்பர் நேற்றுக் கேட்டார். என் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவே மூன்று வருடமாகப் படங்கள் சின்க்திங்கில்தான் (கணினிகளுக்கிடையே கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் மென்பொருள்) போய்வருகின்றன. நேரடி இணைப்பு கிடைக்காதபோது தரவை நடுவில் வாங்கிக் கடத்திவிடும் சர்வர்தான் ரிலே.

அம்மா வீட்டு ரவுட்டரில் வேன் (வெளி இணையப் பக்க) முகவரி 100.72 என்று தொடங்கும். 100.64 முதல் 100.127 வரை இருந்தால், நம்மைப் பலரோடு சேர்த்து ஒரே பொது ஐபிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து இணைப்பு நேராக உள்ளே வராது என்பதால், ரவுட்டரில் சின்க்திங்கின் 22000 போர்ட்டை (இணைப்பு வரும் வாசல்) திறந்தும் பயனில்லை. என் வீட்டிலும் இதே கதை. இணைய நிறுவனத்துக்கு நாலு முறை போன் செய்தேன். நாலு முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். பொறுமை போய்விட்டது.

இந்த நிலையிலும் இரண்டு வீடும் பேசிக்கொள்வது ரிலேயால்தான். சின்க்திங் அமைப்புகளில், எந்த வழிகளில் இணைப்பை ஏற்கலாம் என்று சொல்லும் 'கேட்கும் முகவரிகள்' இடத்தில் 'டிஃபால்ட்' என்ற ஒரே சொல். டிசிபி, க்விக் என்ற இரண்டு நேரடி வழிகள், பொது ரிலே மூன்றும் அதற்குள் அடக்கம். தன்னார்வலர்கள் நடத்தும் ரிலே என்றாலும் தரவு இரு முனைக்கும் இடையே மறையாக்கப்பட்டே போகிறது, நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. மடிக்கணினியை அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனால், நான் எதையும் தொடாமலே திரையில் 'ரிலே வேன்' (ரிலே வழி) மறைந்து 'டிசிபி லேன்' (வீட்டுக்குள்ளேயே நேரடி வழி) வந்துவிடும். முதல்முறை பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

வேகம்தான் இடிக்கிறது. மகளின் ஆண்டுவிழா வீடியோ 3 ஜிபி. பொது ரிலேயில் நொடிக்கு 200 கேபி வந்தது, அதாவது நாலு மணி நேரத்துக்கு மேல். "இன்னும் வரலையேப்பா" என்று அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

அப்புறம் ஒரு சின்ன வாடகை சர்வரில் சொந்த ரிலே போட்டேன். 22067 போர்ட்டைத் திறந்து, அதன் முகவரியை ஒரு பக்கத்தில் மட்டும் கொடுத்தால் போதும். மறுபக்கம் டிஸ்கவரி (சாதனங்கள் ஒன்றின் முகவரியை மற்றொன்று கண்டறியும் வசதி) வழியாகத் தானே தெரிந்துகொள்கிறது. பொது ரிலேக்களின் தொகுப்பில் சேரும் அமைப்பை மட்டும் மறக்காமல் காலியாக்குங்கள், இல்லாவிட்டால் ஊரார் டிராஃபிக்கும் உங்கள் கணக்கில் ஏறும்.

இவ்வளவு பாராட்டிவிட்டும் நண்பரிடம் நான் சொன்னது வேறு: ரிலேயை நம்பி இதில் இறங்காதே. இரண்டு வீட்டிலும் ஐபிவி6 (முகவரியைப் பலரோடு பகிராமல் நேரடி இணைப்புக்கு வழிவிடும் புதிய முகவரி முறை) தரும் இணைப்பாகப் பார்த்து முதலில் மாற்று. அம்மா வீட்டில் அடுத்த மாதம் நானும் அதைத்தான் செய்யப்போகிறேன்.