கறுப்பு வெள்ளைத் தெருப்படம்: ஃபிலிமா, மோனோக்ரோம் சென்சாரா, கலர் ராவா?

சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் பச்சைச் சுவரை ஒட்டி நடந்து போகிறார். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறார். அதையே கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சட்டையும் சுவரும் ஒரே சாம்பலாகி, ஆள் சுவருக்குள் காணாமல் போய்விடுகிறார். நிறம் வேறாக இருந்தாலும் இரண்டின் வெளிச்ச அளவும் ஏறத்தாழ ஒன்று என்பதுதான் காரணம். கறுப்பு வெள்ளை எடுக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: ஃபிலிம், நிறமே பதியாத மோனோக்ரோம் சென்சார், கலர் ரா ஃபைலை (சென்சார் பதிந்ததைக் கேமரா அப்படியே சேமிக்கும் மூலப் பதிவை) பிறகு மாற்றுவது. இந்தச் சட்டையையும் சுவரையும் எந்தக் கட்டத்தில் பிரிக்க முடியும் என்பதில்தான் மூன்றும் அடிப்படையில் வேறுபடுகின்றன. ‘ஃபிலிம் லுக்’ பற்றிய வாதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃபிலிமிலும் மோனோக்ரோம் சென்சாரிலும் படம் எடுப்பதற்கு முன்பே பிரித்தாக வேண்டும், அதுவும் லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாட்டி. 25-ம் எண் சிவப்பு ஃபில்டர் போட்டால் சட்டை வெளுக்கும், சுவர் கறுக்கும். ஆனால் மூன்று ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், கூடினால் இருமடங்காகும்). 1/500-ல் எடுத்துக்கொண்டிருந்தவர் அதே அப்பர்ச்சரில் (லென்ஸ் திறப்பில்) 1/60 விநாடிக்கு இறங்க வேண்டும், நடக்கிற ஆள் கலங்கிவிடுவார். உதடும் தோலும் வெளுத்து முகம் தட்டையாகும் என்பது இன்னொரு நஷ்டம். தெருவுக்கு 8-ம் எண் மஞ்சள் ஃபில்டரே போதும். ஒரு ஸ்டாப்தான் தின்னும். வானம் கொஞ்சம் கறுக்கும், முகம் கெடாது. ஆனால் அது சிவப்புச் சட்டையைக் காப்பாற்றாது.

கலர் ராவில் அந்த வேலை வீட்டில் நடக்கிறது. ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுப்பான சாம்பலாக வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருளின் கறுப்பு வெள்ளை மிக்சரில் சிவப்பை ஏற்றி, பச்சையை இறக்கினால் ஆள் சுவரிலிருந்து வெளியே வந்துவிடுவார். இந்த ஒன்றுக்காகவே, தொடங்குகிறவர்களுக்கும் பெரும்பாலான மற்றவர்களுக்கும் கலர் ராதான் சரியான தேர்வு என்பது எங்கள் தீர்ப்பு. அதற்கும் எல்லை உண்டு. வானத்தைக் கறுப்பாக்க நீலத்தை அடிமட்டத்துக்கு இழுத்தால் நாய்ஸ் புள்ளிபுள்ளியாக மேலே வரும், கட்டட விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். பாதித் தூரம் இழுத்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அந்த இடத்தை மட்டும் கறுப்பாக்கிச் சரிசெய்வது நல்லது. குறைந்த அழுத்த சோடியம் விளக்கின் கீழ் இந்த மிக்சரால் பயனே இல்லை. அந்த விளக்கு ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்ற ஒரே மஞ்சளைத்தான் தருகிறது, பிரிப்பதற்கு அங்கே வேறு நிறம் கிடையாது.

கலர் ராவின் பெரிய ஆபத்து மென்பொருளில் இல்லை, கண்ணில் இருக்கிறது. வ்யூஃபைண்டரில் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், நிறத்தால் மட்டுமே நிற்கும் காட்சிகளை எடுத்துத் தள்ளுவோம். பிறகு மாற்றும்போது ஒன்றுமே மிஞ்சாது. ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியவிட்டு, பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமில் வையுங்கள். எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டரும் திரையும் சாம்பலில் காட்டும், ரா ஃபைலில் நிறம் பத்திரமாக இருக்கும். கண்ணாடி வழியே பார்க்கும் எஸ்எல்ஆரில் இந்த வசதி பின்திரையில் மட்டும்தான்.

மோனோக்ரோம் சென்சார் என்பது தனி இனம். சாதாரண சென்சாரின் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு நிற ஃபில்டர் இருக்கும்: பாதி பச்சை, கால்பங்கு சிவப்பு, கால்பங்கு நீலம். விடுபட்ட நிறங்களைக் கேமரா பக்கத்துப் பிக்சல்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. அந்த ஃபில்டர் அடுக்கையே எடுத்துவிட்டால் சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். ஊகமும் இல்லாததால் நுணுக்கம் கூர்மையாக இருக்கும். 2012-ல் லைக்கா எம் மோனோக்ரோம் இந்த வழியில் வந்தது, 2023-ல் பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் வந்தது. இருட்டுச் சந்துகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஐஎஸ்ஓ 6400 போன்ற உயர்ந்த உணர்திறனில் வரும் நாய்ஸ்கூட நிறப்புள்ளி இல்லாமல் ஃபிலிமின் கிரெயின் (துகள்) மாதிரியே இருக்கும்.

அதே சென்சார் ஹைலைட்டில், அதாவது மிகப் பிரகாசமான இடங்களில், கருணை காட்டாது. கலர் சென்சாரில் சிவப்பு நிரம்பி வழிந்தாலும் பச்சையிலோ நீலத்திலோ கொஞ்சம் விவரம் தங்கியிருக்கும், மென்பொருள் அதைக் கொண்டு ஒப்பேற்றும். மோனோக்ரோமில் இருப்பது ஒரே தகவல். போனால் மொத்தமாகப் போயிற்று, வெறும் வெள்ளை. கேமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -2/3 அல்லது -1-ல் வைத்துவிட்டு நிழலைப் பிறகு தூக்குங்கள். நிழல் தாராளமாக எழுந்து வரும்.

ஃபிலிமின் கணக்கு இதற்கு நேர் எதிர். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடக் ட்ரை-எக்ஸ் இரண்டும் 400 வேக (ஐஎஸ்ஓ 400) ஃபிலிம்கள். இவை இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. அதனால் நிழலுக்கு அளந்து எடுக்க வேண்டும். மழை நனைத்த தெருவில் எதிரே ஹெட்லைட்டோடு பைக் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: டிஜிட்டலில் விளக்கு வெட்டி ஒட்டியதுபோல் வெள்ளை வட்டமாக விழும், ஃபிலிமில் அது படிப்படியாகக் கரைந்து தரையின் ஈரத்தோடு கலக்கும். விளக்கு சட்டத்துக்குள்ளேயே இருக்கும் இரவுப் படங்களில் ஃபிலிம் இன்னும் முன்னால் நிற்கிறது.

அந்த இரவுக்கு 400 போதாது, 1600-க்குப் புஷ் செய்ய வேண்டும், அதாவது 1600 ஃபிலிம் என்று எண்ணி எடுத்துவிட்டு டெவலப்பரில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் திரவமான ஐடி-11 டெவலப்பரை நீர்க்காமல் 20 டிகிரியில் பயன்படுத்தினால் எச்பி5-க்கு 400-ல் ஏழரை நிமிடம், 800-ல் பத்தரை, 1600-ல் 14. முதல் 10 விநாடியில் நான்கு முறை ஃபிலிம் இருக்கும் டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் டாங்கைத் தட்டிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட காற்றுக்குமிழி படத்தில் வட்டப்புள்ளியாக விழும். விடாமல் குலுக்கினால் ஃபிலிம் ஓரத் துளைகளை ஒட்டிப் பட்டைகள் வரும். புஷ் செய்வதால் நடுத்தர டோனும் ஹைலைட்டும்தான் ஏறும், நிழல் ஏறாது. எதுவும் பதியாத இடத்தில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் விவரம் பிறக்காது.

வெயில் நாளில் தண்ணீர் 24 டிகிரியில் இருந்தால் ஏழரை நிமிடம் சுமார் ஐந்தரையாகச் சுருங்கிவிடும். ஐந்துக்குக் கீழே போனால் டெவலப் சீராக இருக்காது. ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்து நீர்த்துக்கொண்டால் 20 டிகிரியில் 13 நிமிடம் கிடைக்கும், கைக்கும் நிதானம். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் திரவம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ரோலின் முனையை வெட்டி அதில் போடுங்கள். அந்தத் துண்டு கண்ணாடிபோல் தெளிய எத்தனை நேரம் எடுக்கிறதோ அதன் இருமடங்கு ஃபிக்ஸ் செய்தால் போதும். நெகட்டிவ் பால்போல் மங்கலாக இருந்தால் ஃபிக்ஸ் போதவில்லை, திரும்ப அதே திரவத்தில் போடலாம். உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்யாவிட்டால் வெள்ளைத் திட்டுகள் காயும்.

ஸ்கேன்தான் பலரையும் ஃபிலிமிலிருந்து துரத்துகிறது. ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசிநீக்கி கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. வெள்ளித் துகள்களே அந்தக் கதிரை மறித்துவிடுவதால் படத்தையும் தூசி என்று எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியையும் கையால்தான் அழிக்க வேண்டும். கலர் ஃபிலிம் முறையான சி-41-ல் கழுவப்படும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பரில் கடைசியில் சாயம்தான் மிஞ்சும், அதனால் அதில் மட்டும் அந்த வசதி ஓடும்.

ஃபோகஸில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை: முழுச்சட்ட அளவில் 28 மி.மீ. லென்ஸ், எஃப் 8, இரண்டரை மீட்டரில் நிறுத்தினால் ஏறத்தாழ 1.4 முதல் 10 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். ஷட்டர் 1/250-க்குக் கீழே வேண்டாம்.

பார்ப்பதில் மட்டும் ஃபிலிமிடமிருந்து டிஜிட்டல்காரர் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தெருப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் 1984-ல் இறந்தபோது டெவலப்கூடச் செய்யாத சுமார் 2,500 ரோல்கள் கிடந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் எடுத்தவுடன் பின்திரையைப் பார்க்கிற நேரத்தில் எதிரே நடப்பது தவறிப்போகிறது. ஆட்டோ ரிவ்யூவை அணைத்துவிடுங்கள், தெருவில் நின்று எதையும் அழிக்காதீர்கள். சட்டத்தின் ஓரத்தில் பாதி முகமாக நுழைந்த ஆளை அந்தச் சின்னத் திரை காட்டாது, பல நேரம் படத்தைத் தூக்கி நிறுத்துவது அந்த ஆள்தான்.