12-க்கு 36 ஷீட்டும் 34 இன்ச் வளைவு மானிட்டரும்

மதுரை பழங்காநத்தத்தில் கீழே ஜெராக்ஸ் கடை, மேலே என் அறை. பத்தடிக்குப் பத்தடி. கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது தொழில். போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மூவாயிரம் படத்தில் முந்நூறைப் பொறுக்கி, ஷீட் ஷீட்டாக அடுக்கி, இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டி, ஒருவழியாகச் சம்மதம் வாங்கி லேபுக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி பத்தரைக்குக் கதவைச் சாத்திய பிறகு அதே சிஸ்டத்தில் வண்டி ஓட்டுவேன். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேம். அதில் லாரிக்குப் பதிலாக நம்மூர் பஸ்ஸைக் கொண்டுவரும் மோட் போட்டு, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஊரின் ரவுண்டானாவில் ஹாரன் அடித்துக்கொண்டு போவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்துத்தான் போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் 34 இன்ச் வளைவு மானிட்டர் வாங்கினேன். ஆறு மாதம் தாண்டிவிட்டது. தை, மாசி, பங்குனி என்று ஒரு முழு முகூர்த்த சீசனையும் அதில் ஓட்டிவிட்டேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. இந்த விலையில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே படம் காட்டும் பேனலின் குணம்தான் நம்மைப் படுத்துகிறது.

அகலத் திரை எதற்கு என்று கேட்டால், ஆல்பம் ஷீட்டின் அளவைப் பார்த்தாலே புரியும். விரித்து வைத்தால் 12-க்கு 36 இன்ச். அகலம் உயரத்தைப்போல மூன்று மடங்கு. 300 டிபிஐ-யில், அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்கில், 10,800-க்கு 3,600 பிக்ஸல். என் பழைய 24 இன்ச் திரையில் மொத்த அகலமே 1,920 பிக்ஸல்தான். அதில் போட்டோஷாப்பின் லேயர் பட்டைக்கு நானூறு போனால் ஷீட்டை 14 சதவீதத்தில்தான் முழுசாகப் பார்க்க முடியும். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறாரா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் ஜூம் செய்ய வேண்டும். இப்போது அகலம் 3,440. அந்தப் பட்டைக்கு ஐந்நூறு விட்டாலும் ஷீட் 27 சதவீதத்தில் நிற்கிறது. கையில் வரப்போகும் ஆல்பத்தில் ஏறக்குறைய முக்கால் அளவு. ஜூம் செய்யும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. பணம் கொடுத்தது இதற்குத்தான், இந்த ஒரு விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன்.

வாங்கும் முன் இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தது எதை எடுப்பது என்பதுதான். முதலில் கண்ணில் பட்டது 29 இன்ச் அகலத் திரை, விலையும் மலிவு. ஆனால் அதன் உயரம் என் பழைய 24 இன்ச்சைவிட அரை இன்ச் குறைவு. அகலம் கூட்டப் போய் உயரத்தை இழப்பானேன்? 34 இன்ச்சிலேயே 2,560-க்கு 1,080 பிக்ஸல் என்று ஒரு வகை வருகிறது. இன்ச்சுக்கு 82 புள்ளிதான், எழுத்தெல்லாம் பொரிபொரியாகத் தெரியும். 3,440-க்கு 1,440 என்றால் இன்ச்சுக்கு 110 புள்ளி. உயரம் ஒரு 27 இன்ச் சாதாரண மானிட்டர் அளவுக்கு இருக்கும், இரண்டு பக்கமும் கூடுதல் இடம். நான் எடுத்தது இதை.

அடுத்து பேனல். ஓலெட், ஐபிஎஸ், விஏ என்று மூன்று வகை என் முன்னால் இருந்தன. ஓலெட் பார்க்க அழகோ அழகு. கறுப்பு என்றால் கரிக்கறுப்பு. ஆனால் விலை என் பட்ஜெட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட, காலை பத்திலிருந்து இரவு பத்து வரை போட்டோஷாப்பின் அதே டூல்பார் அதே இடத்தில் நிற்கும் தொழில் எனக்கு. ஓலெட்டில் அசையாத படம் மாதக்கணக்கில் நின்றால் தழும்பு விழும். அதிலும் க்யூடி-ஓலெட் வகையில், தெருவைப் பார்த்த ஜன்னலும் ட்யூப்லைட்டும் உள்ள அறையில் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். ஐபிஎஸ் எடுத்திருக்கலாம். பக்கத்திலிருந்து பார்த்தாலும் கலர் மாறாது. ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்காது, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம், அதாவது காண்ட்ராஸ்ட், பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்றுதான். விஏ பேனலில் அது மூவாயிரத்துக்கு ஒன்று. விலையும் ஐபிஎஸ்ஸைவிடக் குறைவு. ராத்திரி வண்டி ஓட்டுகிறவன் எதை எடுப்பான்? விஏ எடுத்தேன். அதற்கான தண்டனையைப் பின்னால் சொல்கிறேன்.

வளைவுக்கு ஒரு கணக்கு போடுவார்கள்: 1000ஆர், 1500ஆர், 1800ஆர். அது வேறொன்றும் இல்லை, திரை எந்த வட்டத்தின் துண்டோ அந்த வட்டத்தின் ஆரம், மில்லிமீட்டரில். 1500ஆர் என்றால் ஒன்றரை மீட்டர். எண் குறையக் குறைய வளைவு கூடும். என்னுடையது 1500ஆர். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு கம்பை வைத்து அளந்தால் நடுப்பகுதி ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. இதே அளவில் 1000ஆர் எடுத்தால் எட்டு சென்டிமீட்டர் போகும். நேர்கோட்டில் பார்டர் போடுகிற எனக்கு எட்டு வேண்டாம் என்று தோன்றியது. ஐந்துக்கே முதல் வாரம் ஷீட்டின் மேல் பார்டர் தோரணம் மாதிரித் தொய்ந்து தெரிந்தது. கைடு கோடு போட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நாளில் கண் பழகிவிட்டது. இப்போது தட்டைத் திரையைப் பார்த்தால் அதுதான் வெளியே பிதுங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். ஆவணி முகூர்த்த வேலை தலைக்குமேல் இருந்தபோதே வாங்கியிருக்க வேண்டியது. ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று பேச்சு வந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீதம் என்று இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை 28,000. பழைய வரியில் 35,840 ஆகியிருக்கும், நான் கொடுத்தது 33,040. மிச்சமான 2,800-இல்தான் மேஜைக்கு மேல் ஒரு ஷெல்ஃப் அடித்தேன்.

கடையில் பெட்டியைப் பிரித்து ஓடவிட்டுக் காட்டச் சொன்னேன். “சீல் உடைச்சா எடுத்தே ஆகணும்ணே” என்றார் பையன். “எடுக்கத்தானே தம்பி வந்திருக்கேன்” என்று சொல்லி, செல்போனில் வைத்திருந்த சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்புப் படங்களைப் பென்டிரைவில் போட்டு ஒவ்வொன்றாக முழுத்திரையில் பார்த்தேன். செத்த பிக்ஸல் இல்லை. கறுப்பில் மட்டும் கீழ் வலது மூலையில் லேசாக வெளிச்சம் கசிந்தது. பிரைட்னஸைக் குறைத்ததும் மறைந்தது, சரி என்று எடுத்துக்கொண்டேன். ஆன்லைனில் முந்நூறு நானூறு குறைவாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் இந்தச் சோதனையை வீட்டுக்கு வந்தபிறகு செய்து, திருப்பி அனுப்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

எக்ஸ்எல்லில் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்துதான் போயிருந்தேன். பெட்டி என் வண்டியைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஆட்டோ பிடித்துப் பெட்டியை ஏற்றிவிட்டு, டிபிகே ரோடு நெடுக அதன் பின்னாலேயே எக்ஸ்எல்லில் வந்தேன். ஒவ்வொரு குழிக்கும் எனக்குத்தான் வயிறு கலங்கியது. ஆயுத பூஜை அன்று அம்மா வந்து ஓரச் சட்டத்தில் சந்தனம் குங்குமம் வைத்தார். நல்லவேளை, திரையில் வைக்கவில்லை. அந்த மேட் பூச்சில் கறை பிடித்தால் கண்ணாடி துடைக்கும் திரவமெல்லாம் ஆகாது, லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்தான்.

மாட்டியதும் இரண்டு விஷயத்தில் கோட்டைவிட்டேன். ஒன்று கேபிள். பழைய எச்டிஎம்ஐ கேபிளையே செருகிவிட்டு, 165 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 165 முறை படம் மாறுவது) வரவில்லையே, 100-ஓடு நிற்கிறதே என்று ஒரு வாரம் புலம்பினேன். இதில் இருப்பது எச்டிஎம்ஐ 2.0. அதன் வழியே இந்த 3,440-க்கு 1,440 ரெசல்யூஷனில் 100-தான் வரும். பெட்டிக்குள்ளேயே டிஸ்பிளேபோர்ட் கேபிள் பிரிக்காமல் கிடந்தது. மாற்றினேன், வந்துவிட்டது. மாற்றிய பிறகும் விண்டோஸ் செட்டிங்கில் போய் நாமே 165-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், தானாக மாறாது.

இன்னொன்று கொஞ்சம் காசைக் கடித்தது. இந்த மாதிரித் திரைகள் சாதாரணத் திரை காட்டாத அடர்ந்த நிறங்களையும் காட்டும். அப்படியே விட்டால் குங்குமம் தீப்பிடித்த மாதிரி இருக்கும், மஞ்சள் பூசிய முகம் தங்கமாக மின்னும். அதைப் பார்த்து, கலர் ஏகத்துக்கும் இருக்கிறதே என்று குறைத்து லேபுக்கு அனுப்பினேன். பிரிண்டில் எல்லோரும் காய்ச்சல் கண்டவர்களாக வந்தார்கள். இரண்டு ஷீட் என் கைக்காசில் மறுபடி பிரிண்ட். அன்றிலிருந்து பகல் முழுக்க மானிட்டர் மெனுவில், நிறத்தைச் சாதாரணத் திரை அளவுக்குள் அடக்கும் எஸ்ஆர்ஜிபி மோட்தான், பிரைட்னஸும் குறைவுதான். கேம் விளையாடும்போது மட்டும் திறந்துவிடுவேன். அதற்கென்று பின்னால் இருக்கும் குமிழைத் தடவித் தடவி அழுத்த வேண்டியிருப்பது எரிச்சல்.

இப்போது அந்தத் தண்டனைக் கதை.

கார்த்திகை மாதம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டார் ஆல்பம் பார்க்க வந்தார்கள். என் சுழல் நாற்காலியில் பெண்ணின் அண்ணனை உட்காரவைத்தேன். இடது பக்கம் பிளாஸ்டிக் சேரில் அம்மா, அவருக்குப் பின்னால் சித்தி, அத்தை. முகூர்த்த ஷீட்டைத் திறந்தேன். இடது ஓரத்தில் பெண் தனியாக, அரக்கு நிறப் பட்டுச்சேலையில்.

“தம்பி, எங்க சேலை இந்தக் கலர் இல்லையே. வெளுத்துத் தெரியுதே” என்றார் அம்மா.

“எங்கம்மா வெளுத்திருக்கு? அரக்குதானே இது, அப்படியே இருக்கு” என்றார் அண்ணன்.

“இருபத்தெட்டாயிரத்துச் சேலைடா, எனக்குத் தெரியாதா?”

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். விஏ பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அடர்ந்த நிறங்கள் வெளிறும், நிழல்கள் சாம்பலாகும். இது பேனலின் பிறவிக் குணம், எந்தச் செட்டிங்கிலும் தீராது. வளைவு அதை இன்னும் கெடுக்கிறது. இடது பக்கம் உட்கார்ந்தவருக்கு இடது ஓரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. திரையின் இரு ஓரங்களும் நடு நாற்காலியைப் பார்த்தே வளைந்திருக்கின்றன. அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு மட்டும்தான் அது மானிட்டர். கடையில் பார்க்கும்போது நேர் எதிரே நின்றுதானே பார்த்தேன்? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

அம்மாவையும் மகனையும் இடம் மாற்றி உட்காரவைத்தேன். “ஆமா, இப்பத்தான் சேலை சேலையா இருக்கு” என்று அம்மா சம்மதித்தார். அடுத்த நொடி பிளாஸ்டிக் சேரிலிருந்து மகன், “இல்லையே, வெளுப்பாத்தான் இருக்கு” என்றார். இப்படி இருபத்தாறு ஷீட்டுக்கும் யார் நாற்காலியில் உட்காருவது என்று பார்த்து முடிக்க மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. சித்தியும் அத்தையும் கடைசிவரை கலர் சரியில்லை என்ற முடிவோடுதான் மாடிப்படி இறங்கினார்கள்.

மறுநாளே பழைய 24 இன்ச் ஐபிஎஸ்ஸைப் பரணிலிருந்து இறக்கி, பிளாஸ்டிக் சேர்களுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். போட்டோஷாப்பில் ஒரே ஃபைலுக்கு இரண்டாவது விண்டோ திறந்து அதை அந்தத் திரைக்குத் தள்ளிவிடலாம். நான் இங்கே திருத்தத் திருத்த அங்கேயும் மாறும். வந்தவர்கள் என் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சின்னதாகத் தெரிகிறதே என்று சிலர் குறைபடுகிறார்கள். சேலை கலரைப் பற்றி இதுவரை சண்டை வரவில்லை.

கேம் பற்றி. வண்டி ஓட்ட இதைவிடச் சுகம் இல்லை. கழுத்தைத் திருப்பாமலேயே இரண்டு பக்கக் கண்ணாடியும் கண்ணில் விழுகிறது. ஆனால் 1,920-க்கு 1,080-ஐவிட 2.4 மடங்கு பிக்ஸலைத் தள்ள வேண்டும். என் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு திணறியது, கிராபிக்ஸை ஒரு படி இறக்கியதும் சமாளித்துக்கொண்டது. ராத்திரி ரோட்டில் விஏவின் இன்னொரு சங்கடம் தெரியும். இருட்டுக்குள் இருட்டாக நகரும் எதுவும், மரமோ பாலமோ, பின்னால் மசியை இழுத்துக்கொண்டு போகும். பிக்ஸல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் செட்டிங்கை உச்சத்தில் வைத்தால் மசி போய் வெள்ளைக் கோடு வருகிறது. நடுவில் வைத்துக்கொண்டேன். லாரிக்கு இது பெரிய விஷயமில்லை. சுடுகிற கேம் ஆடுபவர்களுக்குப் பெரிய விஷயம்.

அதற்கும் சாட்சி உண்டு. சித்தி மகன் வந்து வாலரண்ட் என்ற சுடுகிற கேமைப் போட்டான். அந்த கேம் 16-க்கு 9 அளவில்தான் ஓடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. “இதுக்காண்ணே இம்புட்டு காசு கொடுத்தீங்க?” என்றான். எல்டன் ரிங் என்ற கேமும் அப்படித்தான், போதாததற்கு விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அவன் போனதும் ஸ்கோப் என்ற அகலத்திரை அளவில் எடுத்த ஒரு சினிமாவைப் போட்டுப் பார்த்தேன். 2.39-க்கு 1 என்ற அந்த அளவு இந்தத் திரைக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஒரு இன்ச் மிச்சமில்லை. அதே படம் யூடியூபில், மேலும் கீழும் பட்டையோடு ஏற்றப்பட்டிருந்தால், நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டு நடுவில் தபால்தலை மாதிரி நிற்கும்.

மேஜையை அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். என்னுடையது இரண்டடி ஆழம். மானிட்டரின் ஸ்டாண்ட் கால்களே ஓரடியைத் தின்றுவிட்டன, கீபோர்டு விளிம்பில் தொங்கியது. பின்னால் நாலு திருகு ஓட்டை இருந்ததால் மேஜையில் கவ்வும் கை ஒன்று வாங்கி மாட்டினேன். வாங்கும்போது எடை எத்தனை கிலோ தாங்கும் என்று பார்க்க வேண்டும், 24 இன்ச்சுக்கு விற்கிற கை இதற்குத் தலை குனிந்துவிடும். அப்புறம், பவர்டாய்ஸ் என்று ஒரு சாஃப்ட்வேரை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. அதில் ஃபேன்சிஸோன்ஸை வைத்துத் திரையை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். நடுவில் ஷீட், இடது பக்கம் படங்கள், வலது பக்கம் வாட்ஸ்அப். அந்த வலது பக்கத்தை எடுத்துவிட்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

போன மாதம் திருமங்கலத்து போட்டோகிராபர் ஒருவர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஷீட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு, “எனக்கும் இதையே சொல்லிருங்கண்ணே, ஸ்டுடியோவுல வச்சிருவோம்” என்றார்.

“அங்க யார் பார்ப்பா?”

“கஸ்டமர்தான். ஒரு தடவைக்கு நாலஞ்சு பேர் வருவாக.”

பிளாஸ்டிக் சேரை எடுத்து இடது பக்கம் போட்டு அவரை அதில் உட்காரச் சொன்னேன். அந்த மேலூர் ஆல்பத்தின் முகூர்த்த ஷீட்டைத் திறந்தேன். தலையைச் சாய்த்தார், எட்டிப் பார்த்தார், சேரை முன்னால் இழுத்துப் போட்டார். அப்புறம் 27 இன்ச் தட்டை ஐபிஎஸ் இப்போது என்ன விலை வரும் என்று கேட்டார்.