டீசல் புல்லட் செய்ய வண்டியைக் கொடுக்கப் போகிறீர்களா? திருகோணமலையில் எனக்கு நடந்ததை முதலில் வாசியுங்கள்

போன கிழமை உப்புவெளியில் ஒரு தம்பி என்னை மறித்தார். "அண்ணன், உங்கட டீசல் புல்லட் எங்க செஞ்ச? எனக்கும் ஒண்டு மாத்த வேணும், அட்வான்ஸ் காசு ரெடி" என்றார். டீசல் புல்லட் என்றால், பெற்றோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் பூட்டிய என்ஃபீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிள். முக்கால் மணித்தியாலம் அந்த இடத்திலேயே நின்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் எத்தனை பேர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களோ தெரியாது.

வண்டி என் அப்பாவுடையது. அதற்கு முதல் அப்பப்பாவுடையது. அப்பப்பா டொக்யார்ட்டில் பிற்றராக இருந்தவர். 1957 இல் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன நேரம், ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் வாங்கினார். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் செய்த ரோயல் என்ஃபீல்ட் புல்லட், 346 சிசி, வலது காலில் கியர். எனக்கு ஏழு வயதிருக்கும். டாங்கியில் என்னை இருத்திக்கொண்டு கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போகும்போது மணலில் சறுக்கி அப்பா வண்டியோடு விழுந்தார். எனக்கு ஒரு கீறலும் இல்லை. சிலிண்டரைச் சுற்றிச் சூடு தணிக்க இருக்கும் தகடுகளைத்தான் ஃபின் என்பார்கள். இடப்பக்க ஃபின்களில் மேலிருந்து இரண்டாவது ஒரு விரற்கடை அளவுக்கு உடைந்துபோனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வண்டியை உதைக்க முதலும் அப்பா அந்த உடைவை ஒருக்கால் தடவிப் பார்ப்பார். அவர் இறந்த பிறகு நானும் அப்படித்தான்.

அப்படிப்பட்ட வண்டியை ஏன் கொடுத்தாய் என்று வீட்டிலேயே கேட்டார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரவு பாய் கொண்டுபோய்ப் பெற்றோல் செட்டில் படுத்தோம். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். எங்கள் வயல் தம்பலகாமத்தில். போய்வர ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. பழைய புல்லட் லீற்றருக்கு முப்பது ஓடினாலே பெரிய காரியம். அந்த நேரம்தான் டீசல் யோசனை வந்தது.

யோசனையில் பிழையில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் என்ஃபீல்ட் கம்பனியே டோரஸ் என்று ஒரு டீசல் புல்லட்டை விற்றது. கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சிசி இஞ்சின், ஆறரைக் குதிரைவலு. வேகம் 65 ஐத் தாண்டாது. ஆனால் லீற்றருக்கு 70 கிலோமீற்றர் ஓடும் என்று பெயரெடுத்த வண்டி. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பழைய புல்லட்டுக்கு யன்மார் மாதிரிச் சிறிய டீசல் இஞ்சின்களைப் பூட்டி வருடக்கணக்காக ஓடுகிறார்கள். புல்லட்டில் இஞ்சின் வேறு, கியர்பொக்ஸ் வேறு என்பதால்தான் இது முடிகிறது. இஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, அதே கியர்பொக்ஸுக்கு இன்னொரு இஞ்சினைச் செயினால் இணைக்கலாம். ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலை. என்னிடம் எடுத்தவர் ஒழுங்காகச் செய்யவில்லை. அதோடு நிற்காமல் களவும் எடுத்தார்.

கராஜ் நகரத்துக்குள்தான். பெயர் எழுதவில்லை, விஷயம் மத்தியஸ்த சபையில் இருக்கிறது. ஆள் அருமையாகக் கதைப்பார். போன முதல் நாளே பிளேன்டீ வாங்கித் தந்து, போனில் ஒரு டீசல் புல்லட் ஓடும் வீடியோ காட்டினார். "இது நாங்க செஞ்சது தம்பி" என்றார். அந்த வீடியோ வேறு நாட்டில் எடுத்தது என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். பின்னால் போன கார் வீதியின் வலப்பக்கத்தில் ஓடுகிறது. அன்றைக்கே கவனித்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

பேச்சு இதுதான்: ஜப்பான் யன்மார் எல்100, 406 சிசி, பத்துக் குதிரைவலு. எண்பதில் ஓடலாம், லீற்றருக்கு எழுபது. வாகனப் புத்தகத்தில் எரிபொருளையும் இஞ்சின் இலக்கத்தையும் மாற்றித் தருவது அவர் பொறுப்பு. டீசல் என்று பதிந்ததும் டீசல் கியூஆர் வரும். எல்லாமாக 340,000 ரூபா, முற்பணம் 200,000. பற்றுச்சீட்டு கேட்டேன். சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் "டீசல் வேலை 200,000 பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எந்த இஞ்சின் என்று அதில் ஒரு சொல் இல்லை. கழற்றும் பெற்றோல் இஞ்சின் யாருக்கு என்றும் இல்லை. எனக்கும் எழுதச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் என்றது பதினொரு மாதம் ஆனது. சாமான் கொழும்பில் நிற்குது, லேத்துக்காரருக்குச் சுகமில்லை, பெருநாள், பொங்கல். இடையில் இன்னும் எண்பதாயிரம் வாங்கினார். அதைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை, இப்படி ஏமாந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பதினொரு மாதம் தெரியும். அதற்குள் 2023 செப்டெம்பரில் கியூஆரே நின்றுபோனது.

வண்டி வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புது வர்ணம், பக்கத்தில் யன்மார் என்று பளபளக்கும் தகடு. ஓட்டத் தொடங்கியதும்தான் தெரிந்தது. தனியாக ஓடினால் ஐம்பது. மனைவியை ஏற்றிக்கொண்டு கடற்காற்றுக்கு எதிராகப் போனால் நாற்பதில் இழுத்துக்கொண்டு நிற்கும். லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் போவது மாதிரி. "புது இஞ்சின் தம்பி, ஓட ஓடப் பிடிக்கும்" என்றார் அவர்.

மூன்றாம் கிழமை, பள்ளிக்கூடம் விடும் நேரம், மஞ்சள் கோட்டுக்குக் கிட்ட வருகிறேன். பிள்ளைகள் கடக்கிறார்கள். அக்சிலேட்டரை விட்டேன், இஞ்சின் இறங்கவில்லை. கேபிள் மேலேயே இறுகி நின்றுவிட்டது. கிளச்சைப் பிடித்தேன், இஞ்சின் கத்தத் தொடங்கியது. சாவியைத் திருப்பினேன். முன்விளக்கு அணைந்தது, இஞ்சின் நிற்கவில்லை. டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லை, சாவிக்கு அங்கே வேலையே இல்லை. டீசல் வரத்தை வெட்டினால்தான் நிற்கும். அதற்கு ஹாண்டிலில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு ஸ்டொப் லீவர் இருக்க வேண்டும். என் வண்டியில் அந்த லீவர் இருந்தது. அதன் கம்பி சீற்றுக்குக் கீழே எதிலும் பூட்டாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிறகு சீற்றைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கண்டேன். அன்றைக்கு முன், பின் பிரேக் இரண்டையும் இறுக்கிக்கொண்டு, டொப் கியருக்குத் தட்டிக் கிளச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கிளச் எரிந்த மணம் மூக்கில் அடித்தது. முன்னால் ஒரு சின்னப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை. இப்போதும் இரவில் அந்தப் போத்தல் நிறம் நினைவுக்கு வரும்.

அவரிடம் போகவில்லை. அவர் கை இனி அந்த வண்டியில் படக்கூடாது என்று முடிவெடுத்தேன். கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனை, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவரை, சொன்னார்கள். வள்ளத்து இஞ்சினும் நீரிறைக்கும் மெசினும் பார்க்கிறவர். கிண்ணியாப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வண்டிக்குக் கீழே "டக்" என்று ஒரு சத்தம். மிச்ச வழியெல்லாம் தள்ளிக்கொண்டு போனேன்.

நானா வண்டியைக் கிடத்தி ரோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அடிப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். விரல் நுழையும் வெடிப்பு. புல்லட்டின் பிறேமுக்கு அடியில் குழாய் கிடையாது. முன்குழாய் இறங்கி வந்து இஞ்சினோடு முடியும். அந்த இஞ்சினே பிறேமின் ஒரு பாகம், பாரம் தாங்குவது அதுதான். இந்த டீசல் இஞ்சின்கள் தரையில் நான்கு போல்ட்டில் நிற்கச் செய்தவை. ஆகவே புல்லட்டில் வைக்கும்போது கீழே தொட்டில் மாதிரிக் குழாய் வளைத்து, தடித்த தகட்டால் முன்குழாயையும் கியர்பொக்ஸையும் சேர்த்துக் கட்ட வேண்டும். எனக்குப் போட்டிருந்தது 4 மில்லிமீற்றர்த் தகடு, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங். "இது கேற்றுக்கு அடிக்கிற தகடு தம்பி. நான் எண்டா பத்துக்குக் குறையாமப் போடுவன். பெற்றோல் இஞ்சின் காத்த ஆறரை மடங்குதான் அமுக்கும், இது இருபதுக்குக் கிட்ட. ஒவ்வொரு அடியும் சம்மட்டி அடி மாதிரி. அந்த அடிய இந்தத் தகடு தாங்குமா?"

பிறகு அந்த யன்மார் தகட்டில் நகத்தை வைத்து நெம்பினார். கழன்று வந்தது. ஆணி இல்லை, பசைதான். கீழே அலுமினியத்தில் அரத்தால் ராவிய தடம். ஹெட்டைத் திறப்போமா என்றார். திறந்தார். வேர்னியரை சிலிண்டருக்குள் விட்டு அளந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். 78 மில்லிமீற்றர். "நீங்க சொன்ன 406 சிசிக்கு 86 வர வேணும். இது சின்னது, 296 சிசி. சீனாவில இருந்து வாற கொப்பி, ஜெனரேற்றருக்குப் போடுறது. புதுசா இருந்தாலும் ஆறு குதிரைதான்." சிலிண்டர்ச் சுவரில் மேலிருந்து கீழே ஓடிய கோட்டை விரலால் காட்டினார். புதிதும் இல்லை, எங்கேயோ நன்றாக உழைத்துக் களைத்த சாமான்.

பத்துக் குதிரைக்குக் காசு வாங்கி, தேய்ந்த ஆறு குதிரையைப் பூட்டியிருக்கிறார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

அடுத்த நாள் கராஜுக்குப் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. "டீசலை எடுத்துக்கொள்ளுங்க, காசும் வேண்டாம். அப்பாட இஞ்சினத் தாங்க" என்றேன். "அத ஆர் தம்பி இப்ப வச்சிருக்கிறது? பழைய இரும்பு. நீங்க கேக்கவே இல்லையே" என்றார். நான் கேட்கவில்லை என்பது உண்மை. என் வண்டியின் இஞ்சின் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். வெளியே வரும்போது அங்கே வேலை செய்யும் பொடியன் வாசல் வரைக்கும் வந்து மெதுவாகச் சொன்னான்: கழற்றின அடுத்த கிழமையே கொழும்பு இலக்க வானில் இரண்டு பேர் வந்து, சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டு போனார்களாம். சிலிண்டர், கார்பரேற்றர், மக்னீற்றோ, ஒன்றும் விடாமல். பழைய இரும்பை யாரும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோவதில்லை. ரெடிச்சில் செய்த இஞ்சினுக்கு என்ன விலை என்று அவருக்கு முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது. டீசல் வேலை அவருக்குச் சாட்டுத்தான் என்று நம்புகிறேன்.

வாகனப் புத்தகத்தில் எதுவும் மாறவில்லை. புத்தகத்தில் பெற்றோல், வண்டியில் டீசல். புத்தகத்தில் ஒரு இஞ்சின் இலக்கம், வண்டியில் ராவி அழித்த தடம். காப்புறுதி முகவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதோட ஒரு அக்சிடென்ட் நடந்தா நான் என்ன எழுதுறது?" என்று கேட்டார். புகைப் பரிசோதனையிலும் பெற்றோலுக்கு ஒரு முறை, டீசலுக்கு வேறு முறை. பதிவில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் பொருந்தாவிட்டால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கியூஆர் பேச்சும் பொய்தான். புத்தகமே மாறாதபோது டீசல் கியூஆர் எங்கிருந்து வரும்?

மாற்றத்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு நானா சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரித்து, இஞ்சினும் எரிபொருளும் மாற்றுவதற்கு வழியைத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்பேனரைத் தொடச் சொல்லுங்கள். டீசல் இஞ்சினை நீங்களே போய் வாங்குங்கள், இலக்கத்தைப் போட்டோ எடுங்கள், தகட்டை நகத்தால் நெம்பிப் பாருங்கள். வேலைக்காரர் தான் செய்ததென்று காட்டும் வண்டி எங்கே நிற்கிறதென்று கேட்டு, அதில் ஏறி ஒரு சுற்று ஓடுங்கள். பிறேமை வெட்ட விடாதீர்கள், வெட்டாமலும் செய்யலாம். பாதிப் பூட்டும்போது, வர்ணம் அடிக்க முதல், போய்த் தகட்டை அளவுங்கள். வண்டியை எடுக்கும் அன்று இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டொப் லீவரை இழுத்து நிற்கிறதா என்று பத்துத் தரம் பாருங்கள். பில்லில் இஞ்சினின் பெயர், சிசி, இலக்கம் எல்லாம் வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபைக்குச் சொன்னாலும், மத்தியஸ்த சபைக்குப் போனாலும் கையில் காட்ட ஒரு துண்டு வேண்டும். நான் கலண்டர்த் தாளைத்தான் கொண்டுபோனேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றும் இஞ்சினைக் கழற்றிய அன்றே திரீவீலரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு இரவுகூட அங்கே வைக்காதீர்கள்.

வண்டி இப்போது இஞ்சின் இல்லாமல் எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. நானா பிறேமைச் சரிப்படுத்தி, கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பழைய புல்லட் சாமான் வாங்கி விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் 346 சிசி ரெடிச் இஞ்சின் ஒன்று வந்தால், சிலிண்டரின் இடப்பக்கத்தில் மேலிருந்து இரண்டாவது ஃபின்னைத் தடவிப் பாருங்கள். ஒரு விரற்கடை உடைந்திருக்கும். உடைந்த விளிம்பு அப்பாவின் விரல் பட்டுப் பட்டு மழமழவென்று இருக்கும். இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன், யாரிடம் வாங்கினீர்கள் என்றுகூடக் கேட்கமாட்டேன்.