மலைத் தோட்டத்துக்கு எது: சாட்டிலைட் போனா, வாக்கி டாக்கியா?

சிறுமலை, மேகமலைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் மதுரைக்கு இறங்கினால் இதைத்தான் கேட்கிறார்கள். செல்போன் சிக்னல் எட்டாத சரிவுகள் அங்கே ஏராளம்.

உரிமம்
சாட்டிலைட் போன்: முட்டுக்கட்டையே இதுதான். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். துபாயிலிருந்து வரும் மைத்துனர் துரையா நிறுவனத்தின் சாட்டிலைட் போனைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வம்பு. முறையான வழி, பி.எஸ்.என்.எல். தரும், இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் சேவை.
வாக்கி டாக்கி: 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் கருவிக்கு உரிமம் வேண்டாம். மற்றவற்றுக்கு வேண்டும், பார்த்து வாங்குங்கள்.

தொடர்பு
சாட்டிலைட் போன்: ஆன்டெனாவை நீட்டித் திறந்த வெளியில் நிற்க வேண்டும். தகரக் கூரைக்குள் போனால் ஊமை. இன்மார்சாட்டின் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் பதில் தாமதமாக வரும். அவசரக்காரர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொள்வார்கள்.
வாக்கி டாக்கி: நடுவே ஒரு மேடு வந்தால் போச்சு.

செலவு
முன்னதற்குக் கருவியும் விலை, ஒவ்வொரு நிமிடமும் விலை. பின்னதற்கு ஒருமுறைச் செலவு.

சந்தையையும் பாருங்கள். 1998இல் சாட்டிலைட் போன் சேவை தொடங்கிய இரிடியம் நிறுவனம் 1999இலேயே திவாலானது. பிறகு அது மீண்டாலும், சாட்டிலைட் போன் கப்பல், ராணுவம், பேரிடர் மீட்பு போன்றவற்றைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. சாதாரண போனிலேயே செயற்கைக்கோள் வசதி வரத் தொடங்கிவிட்டதால் தனிக்கருவிக்கு இனி மவுசு குறையும் என்பது என் கணிப்பு.

தோட்டத்துக்குள் ஆட்களைக் கூப்பிட வாக்கி டாக்கி போதும். காட்டுத்தீ, நிலச்சரிவு நேரத்தில் வெளியூருக்குச் செய்தி சொல்லியாக வேண்டிய மீட்புக் குழுவுக்குத்தான் சாட்டிலைட் போன். அதற்கும் அனுமதி கையில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.