ஓ.சி.டிக்குக் குளிசையா, பயிற்சியா?

திருகோணமலையில் ஒருவருக்கு ஓ.சி.டி (வேண்டாத எண்ணம் வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) என்று தெரியவந்தால், குளிசை எடுப்பதா, கதைத்துச் சரிசெய்வதா என்றுதான் வீட்டார் முதலில் கேட்பார்கள். கதைப்பது என்றால் ஆறுதல் சொல்வது என்று எடுத்துக்கொள்கிறோம். ஓ.சி.டிக்கு ஆறுதல் மருந்தல்ல, பெரும்பாலும் அது நோயைக் கூட்டும்.

கடலுக்குப் போன மகனை இன்னும் காணவில்லையே என்று தவிப்பது பதற்றம். ஓ.சி.டியில் வரும் எண்ணமோ அந்த ஆளின் மனதுக்கே ஒவ்வாதது. கோணேசர் சந்நிதியில் நிற்கும்போது சாமியைத் திட்டும் சொல் மனதில் வெடிக்கும். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்க்கு, கீழே போட்டுவிடுவேனோ என்று தோன்றும். அந்த எண்ணத்தை அழிக்கக் கழுவுவார்கள், எண்ணுவார்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். செய்ததும் கொஞ்சம் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் கழுவ வைக்கிறது. (இப்படி எண்ணம் வந்து நடுங்கும் தாய் குழந்தைக்கு ஆபத்தானவர் அல்லர்.) 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டில் ஓ.சி.டியைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயமாக்கியது.

உளச் சிகிச்சையில் தரும் பயிற்சி இந்தச் சுழலையே குறிவைக்கிறது. பயத்தை எதிர்கொள்ள வேண்டும், ஆனால் வழக்கமான செயலைச் செய்யக்கூடாது. 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. பயங்களைச் சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசைப்படுத்தி, லேசானதில் தொடங்குவார்கள். மீன் சந்தையால் வந்தவர் கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, சவர்க்காரத்தைத் தேடாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறும். கழுவாமலே தாங்க முடிகிறது என்பதை உடம்பு மெல்லக் கற்றுக்கொள்ளும். வாரம் ஒரு தடவையென்றால் 12 முதல் 20 தடவைகள், இடையில் தினமும் வீட்டுப்பாடம். கிண்ணியா, மூதூர் பக்கத்து முஸ்லிம்கள் வுழூவில் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதில்) வரும் வஸ்வாஸ், அதாவது ஓயாத சந்தேகம், என்று இதை அறிவார்கள். மூன்று முறை கழுவினால் போதும், சந்தேகத்தைப் பொருட்படுத்தாதே என்பது அங்குள்ள பழைய அறிவுரை. பயிற்சியாளர் சொல்வதும் அதற்கு வெகு தூரமில்லை.

குளிசைப் பக்கம் ஃபுளூஒக்செட்டின், செர்ட்ரலின் போன்றவை முதல் தெரிவு. பழைய மருந்தான குளோமிப்ரமினும் வேலை செய்யும், ஆனால் வாய் உலர்வு, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் கூட. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓ.சி.டிக்குப் பெரும்பாலும் கூடிய அளவு வேண்டும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் "சரிவரேல்ல" என்று விடுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும். ஆகவே, வைத்தியரைக் கேட்டே குறைக்க வேண்டும். டயசெபம் போன்ற அமைதிக் குளிசைகள் இந்தப் போட்டியில் இல்லை. அவை ஓ.சி.டியைத் தீர்ப்பதில்லை, பழக்கமாகிவிடும்.

என் தெரிவு பயிற்சிதான். உளவியலாளர் எட்னா ஃபோவா குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி குளோமிப்ரமினை முந்தியது. இரண்டையும் சேர்த்தது, பயிற்சி மட்டும் செய்ததைத் தெளிவாக விஞ்சவில்லை. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் கூட. கற்ற பயிற்சி அதைவிட நிலைக்கும்.

ஆனால் மூதூரிலிருந்து வாராவாரம் நகருக்கு வந்துபோனால் ஒரு நாள் கூலி போய்விடும். இம்முறையில் தேர்ந்தவரும் எளிதில் கிடைப்பதில்லை. அரச கிளினிக்கில் குளிசை இலவசம், வரவேண்டியதும் குறைவு. சாப்பிடவோ தூங்கவோ முடியாத அளவுக்கு நோய் முற்றியவருக்கும், கூடவே மனச்சோர்வு இருப்பவருக்கும் குளிசையில் தொடங்குவதே சரி. கொஞ்சம் தெளிந்த பின் பயிற்சிக்குள் இறங்கலாம். 25 வயதுக்குக் குறைந்தவர்களைக் குளிசை தொடங்கிய முதல் வாரங்களில் வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் உடனே வைத்தியரிடம்.

இரண்டில் எதை எடுத்தாலும் வீட்டில் ஒன்று மாற வேண்டும். "கதவு பூட்டியாச்சா?" என்று பத்தாம் தடவை கேட்கும் அக்காவுக்குப் பத்தாம் தடவையும் பதில் சொல்வது நோய்க்குத் தீனி. "கேட்டது உன் ஓ.சி.டி, அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன்" என்று அன்பாகச் சொல்லலாம், அதுவும் அவரோடு முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்ட பிறகு.

கிளினிக்கில் உளவளத்துணை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். பயத்தை எதிர்கொண்டு செயலைத் தடுக்கும் பயிற்சி தருவார்களா என்று கேளுங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.