ஒரே இழுப்பில் பிரிகிற தையல்: கை மெஷினோடு மூன்று வருஷம்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். "அக்கா, அந்தக் கையில அமுக்கித் தைக்கிற மெஷின் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டுமா?" என்றாள். ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கையில் பிடித்து அமுக்குவோமே, அதைத்தான் கேட்டாள். என்னிடம் அது மூன்று வருஷமாக இருக்கிறது. அன்றைக்குக் காலையில்தான் ரிப்பேர் பார்த்து எடுத்து வந்திருந்தேன், அந்த எரிச்சல் வேறு. "வேண்டாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது.

காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். முக்கிய வேலையெல்லாம் உஷா கால் மெஷினில்தான். கை மெஷினை வாங்கியது ஜன்னல் திரைகளுக்காக. திரையைக் கம்பியிலிருந்து கழற்றாமல், நின்றபடியே கீழ் ஓரத்தை மடித்துத் தைத்துவிடலாம். அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்தத் தைரியத்தில் அண்ணன் மகளின் பாவாடை ஓரத்தையும் அதிலேயே அடித்துக் கொடுத்தேன்.

மாரியம்மன் திருவிழா அன்று பாவாடை ஓரத்தில் நூல் வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த பையன் ஒருவன் விளையாட்டாக அதைப் பிடித்து இழுத்தான். பிள்ளை நாலு எட்டு வைப்பதற்குள் சுற்று முழுவதும் பிரிந்து, மடிப்பு தரையில் புரண்டது. கோயில் வாசலில் ஊக்கு தேடி அலைந்ததையும், பிள்ளை அழுததையும் இன்றுவரை மறக்க முடியவில்லை. மெஷினோடு வந்த காகிதத்தில் ஊசி கோர்ப்பதற்குப் படம் போட்டிருந்தார்கள். தையலை முடிப்பது எப்படி என்று ஒரு வரி இல்லை. விற்பவர்கள் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் அது ஒன்றுதான்.

கால் மெஷினில் இரண்டு நூல். மேல் நூலும், அடியில் பாபின் என்கிற சின்ன உருளையில் சுற்றியிருக்கும் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்ற இடத்தில் பிடி இருக்கும். கை மெஷின் போடுவது செயின் தையல். ஒரே நூல்தான், பாபின் நூல் கிடையாது. ஊசி துணியைக் குத்திவிட்டு மேலே ஏறும்போது அடியில் நூல் கொஞ்சம் தளர்ந்து கண்ணியாக நிற்கும். லூப்பர் என்கிற சின்னக் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்து விரித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை ஊசி அந்தக் கண்ணிக்குள்ளேயே இறங்கும். இப்படி ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு அடுத்தது பிடித்துக்கொள்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடிக்கத்தான் ஒன்றுமில்லை. அரிசி மூட்டை வாயைப் பிரித்தவர்களுக்கு இது தெரியும். தைத்து முடித்த முனையில் நூலைப் பிடித்தால் சர்ரென்று மூட்டை திறந்துகொள்ளும். தொடங்கிய முனையில் பிடித்தால் எவ்வளவு இழுத்தாலும் இறுகத்தான் செய்யும்.

அதனால் இப்போது ஒவ்வொரு தையல் முடிந்ததும் ஊசியை மேலே ஏற்றி, நாலு விரற்கடை நூல் விட்டு வெட்டுகிறேன். துணியைத் திருப்பி, கடைசிக் கண்ணியைத் தேடி, கை ஊசியால் வாலை அதற்குள் விட்டு இழுத்து இரண்டு முடிச்சுப் போடுகிறேன். கருநீலத் துணியில் கருநீல நூல், ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் என்றால் அந்த ஒரு கண்ணியைத் தேடவே கண் பூத்துவிடும். பத்து விநாடித் தையலுக்கு மூன்று நிமிஷ முடிச்சு. மூன்று வருஷமாக இதைச் செய்கிறேன், ஒரு தடவைகூட எரிச்சல் இல்லாமல் செய்ததில்லை.

இவ்வளவு திட்டியும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் கல்யாண ரவிக்கைகள். அளவு பார்ப்பதற்கு லைனிங்கை மட்டும் முதலில் கூட்டி, உடுத்திப் பார்க்கச் சொல்வேன். முன்பெல்லாம் அதைக் கால் மெஷினில் பெரிய தையலாக ஓட்டிவிட்டு, பிளேடு வைத்துப் பிரிப்பேன். அவசரத்தில் துணியையும் சேர்த்துக் கிழித்தது உண்டு. இப்போது பக்கமும் தோளும் கை மெஷினில், லைனிங்குக்கு ஒட்டாத நிறத்து நூலில். முடிச்சுப் போடாமல் வாலை மட்டும் கண்ணிக்குள் ஒரு தடவை விட்டு வைப்பேன். உடுத்தி, கையைத் தூக்கிப் பார்த்து, சாக்பீஸில் குறி வைத்த பிறகு வாலை வெளியே எடுத்து ஓர் இழுப்பு. டிர்ர்ர் என்று மொத்த நூலும் ஒரே இழையாகக் கைக்கு வந்துவிடும், துணியில் பிசிறுகூட இருக்காது. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். பாவாடையைக் கெடுத்த அதே குணம்தான் இங்கே எனக்குக் கை கொடுக்கிறது.

பனியன் துணிக்கும் இது நல்லது. கண்ணிகள் துணியோடு சேர்ந்து நீள்வதால் இழுத்தாலும் நூல் சீக்கிரம் அறுவதில்லை. கைக்குழி வளைவில் வேண்டாம், கோணிக்கொள்ளும். நூலும் அதிகம் குடிக்கும். கால் மெஷினின் பூட்டுத் தையலுக்குத் தையல் நீளத்தில் சுமாராக இரண்டரை மடங்கு நூல் என்றால் இதற்கு நாலு மடங்கு. கூட வந்த நூல் தொட்டதும் அறுந்தது. கால் மெஷின் பாபினில் நல்ல பாலியெஸ்டர் நூல் சுற்றி மாட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ரிப்பேருக்கு வருகிறேன். ஜீன்ஸ் மடிப்பில், நாலு மடி சேர்கிற இடத்தில் அமுக்கினேன். தப்பு என்னுடையதுதான். ஊசி வளைந்து போய் லூப்பரில் இடித்தது. அதிலிருந்து மூன்று தையலுக்கு ஒன்று விட்டுப் போனது. கிருஷ்ணகிரியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவர், "இதெல்லாம் விளையாட்டுச் சாமான்மா" என்று கையால்கூடத் தொடவில்லை. கடைசியில் மண்டிக்காரர்களுக்கு மூட்டை தைக்கிற மெஷின் ரிப்பேர் பார்க்கிற அண்ணனிடம் போனேன். மூடியைக் கழற்றியதும், "நம்ம மூட்டை மெஷின் மாதிரியேதான்மா, லூப்பர் விலகியிருக்கு" என்றார். ஊசி லேசாக மேலே ஏறும் நேரத்தில் லூப்பர் நுனி ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியை உரசாமல் ஒட்டிப் போகவேண்டுமாம். சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டி, கண்ணி விழுவதையும் கொக்கி பிடிப்பதையும் காட்டினார். துணிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இந்தக் கொக்கி விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிப்ஸ் என்ற விவசாயி ஒரு தையல் மெஷின் படத்தைப் பார்த்திருக்கிறார். படத்தில் மேல்பாகம் மட்டும்தான் தெரிந்ததாம். அடியில் என்ன இருக்கும் என்று அவரே யோசித்துச் சுழலும் கொக்கி ஒன்றைச் செய்து, 1857இல் காப்புரிமை வாங்கினார். வீடுகளுக்கென்று வந்த ஒற்றை நூல் செயின் மெஷின்களில் அது பேர் வாங்கியது. பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் 1830இல் காப்புரிமை பெற்ற மெஷின் போட்டதும் இதே செயின் தையல்தான். மண்டி அண்ணன் மூடியைக் கழற்றிக் காட்டியும் எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது. படத்தில் பாதியை மட்டும் பார்த்த மனுஷர் மீதியைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்.

சரி, சித்தி மகளுக்கு என் பதில் மாறவில்லை. வாங்காதே. உன் வீட்டில் வேறு மெஷின் இல்லை, பிள்ளைகளின் யூனிஃபார்மை இதில்தான் தைப்பாய். ஒரு நாள் முடிச்சுப் போட மறந்தால் பள்ளிக்கூடத்தில் பிரியும். எனக்கு அந்தத் திருவிழா ஒன்றே போதும். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் பெண் அளவு பார்க்க வருகிறாள். லைனிங்கைக் கை மெஷினில்தான் கூட்டி வைத்திருக்கிறேன், பச்சைத் துணியில் ரோஸ் நூல். வாலைக் கொஞ்சம் நீளமாகவே விட்டிருக்கிறேன்.